நாய் மூத்திரமும் டர்பன் புல்தரையும்: எதில் பலன், எது வீண்செலவு

மூத்திரத்தின் அமிலம்தான் புல்லைக் கருக்குகிறது என்று நம்பித்தான் பலரும் காசை விடுகிறார்கள். உண்மையில் கருக்குவது அதிலுள்ள யூரியாவும் உப்பும். கையகல இடத்தில் மொத்தமாகக் கொட்டிய உரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மிஞ்சிப்போய்க் கருகும். ஓரத்தில் அளவாகப் பட்டுக் கரும்பச்சை வளையமாகச் செழிக்கும். வளையமே இல்லை, இழுத்தால் புல் வேரறுந்து கையோடு வருகிறது என்றால் நாயைத் திட்டாதீர்கள், அது புழுவின் வேலை.

செலவில்லாத வழி தண்ணீர். நாய் மூத்திரம் பெய்த கையோடு பெரிய நாய்க்குப் பத்து லிட்டர், சின்னதற்கு அதில் பாதி. சில மணி நேரம் தாழ்ந்தாலும் பலன் உண்டு. மறுநாள் ஊற்றுவது வீண். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி போன்ற சரிவு மனைகளில் வாளியால் கொட்டினால் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓடிவிடும். பூவாளியால் இரண்டு தவணையாக விடவேண்டும். ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் சேரும் மழைநீர் இதற்குப் போதும். ஆனால் பகலில் வீட்டில் ஆள் வேண்டுமே!

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனி மூலைதான் சரி. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், 15 சென்டிமீட்டர் தோண்டி, அடியில் ஜல்லி, மேலே மரப்பட்டைத் துண்டு. வெறும் ஜல்லியாக விட்டால் ஜனவரிக் கோடை வெயிலில் நாய் கால் வைக்காது. மூத்திரத்தில் நனைந்த மண்ணில் ஒரு கை அள்ளி அங்கே போடுங்கள். எழுந்ததும், தின்றதும் கயிற்றில் பிடித்து அங்கேயே கூட்டிப்போங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலான நாய்கள் பழகிவிடும். காலைத் தூக்கும் கடுவனுக்கு நடுவில் ஒரு கம்பு நட்டால் போதும். தண்ணீர், மூலை இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு மூலைக்கே.

புல்லையே மாற்றலாமா? இதற்காக மட்டும் வேண்டாம். இங்கே பரவலான கிகூயுப் புல்லும் கருகத்தான் செய்யும். ஆனால் நல்ல வெயிலில் அதன் ஓடுதண்டுகள் சீக்கிரம் பரவி மூடிவிடும். மரநிழலில் கிகூயு நிற்காது, அங்கே நிழல் தாங்கும் எல்எம் புல்தான். நிழலில் அது மூடுவதற்கு நாளாகும். அருகம்புல் இனமான சைனோடான் பார்க்க அழகு, கருகலும் பளிச்சென்று தெரியும்.

மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை. மூத்திரத்தை அமிலமாக்கும் மெத்தியோனின் யூரியாவைக் குறைப்பதில்லை; கார அமிலச் சமநிலை மாறினால் சில நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல் கட்டும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. தக்காளிச் சாறு பலிக்கிறது என்றால், அதிலுள்ள உப்பால் நாய் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதுதான் காரணம். அதற்குச் சோற்றில் தண்ணீர் கலந்தாலே போதும். சமையல் சோடா தூவுவது உப்பின் மேல் உப்பு. ஜிப்சம் நைட்ரஜனை ஒன்றும் செய்யாது.

எந்த வழியானாலும், நாய் வழக்கமாகப் போகும் இடத்தில் எல்ஏஎன் (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்) உரத்தை நிறுத்துங்கள். அதில் 28 சதவீதம் நைட்ரஜன். செத்த திட்டுக்கு: காய்ந்ததை வாரி எடுத்து, 20 லிட்டர் தண்ணீரை மெதுவாக இறக்கி, ஓரத்துக் கிகூயுத் தண்டைக் கணுவோடு வெட்டி நட்டு, வேர் பிடிக்கும்வரை நாய் நுழையாமல் கம்பிவலை. வெயில் ஏறத் தொடங்கும் செப்டம்பருக்குப் பிறகு நட்டால் சீக்கிரம் பிடிக்கும்.