டெர்மினலில் ‘பாஸ்’: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

லினக்ஸில் பாஸ்வேர்டுகளை வைத்துக்கொள்ள ‘பாஸ்’ போதும் என்பது நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகும் மாறாத என் கருத்து. வயர்கார்டு என்ற விபிஎன் நிரலை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட் 2012-இல் தொடங்கிய பாஷ் ஸ்கிரிப்ட் இது. ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டப்பட்ட தனிக் கோப்பு. நாளைக்கு ‘பாஸ்’ இல்லாமல் போனாலும் ஜிபிஜி இருந்தால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம்.

தினசரி வேலையில் குறையில்லை. ‘பாஸ் ஜெனரேட்’ கொடுத்தால் 25 எழுத்தில் பாஸ்வேர்டு வரும். சிறப்புக் குறிகளை ஏற்காத தளங்களுக்கு ‘என்’ ஆப்ஷன். ‘சி’ ஆப்ஷனில் கிளிப்போர்டுக்குப் போய் 45 விநாடியில் அழியும். ஆனால் கிளிப்போர்டு வரலாற்றைச் சேமிக்கும் நிரல் ஏதாவது ஓடினால் அதில் ஒரு பிரதி தங்கிவிடும். அதை முதலில் நிறுத்துங்கள்.

ஏற்கெனவே உள்ள பதிவில் ‘ஜெனரேட்’ ஓட்டும்போது கவனம் தேவை. மேலெழுதவா என்று கேட்கும். சரி என்றால் முதல் வரியில் உள்ள பாஸ்வேர்டோடு கீழே எழுதிவைத்த யூசர்நேம், மீட்புக் குறியீடுகள் எல்லாம் போய்விடும். ‘இன்-பிளேஸ்’ ஆப்ஷன் முதல் வரியை மட்டும் மாற்றும். ஆரம்பத்திலேயே ‘பாஸ் கிட் இனிட்’ செய்து, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டை இணைத்திருந்தால் பழைய பதிப்பை மீட்கலாம்.

உண்மையான தலைவலி ஜிபிஜி சாவியில்தான். பழைய பாஸ்வேர்டுகள் ஒழுங்காகத் திறக்கும், புதியதைச் சேர்த்தால் மட்டும் ‘அன்யூசபிள் பப்ளிக் கீ’ என்று நிற்கும். இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, சாவி காலாவதியாகியிருக்கும்: திறக்கத் தடையில்லை, பூட்டத்தான் முடியாது. கெடுவை மாற்றும் ஜிபிஜி கட்டளையான ‘குவிக்-செட்-எக்ஸ்பயர்’ முதன்மைச் சாவியை மட்டும் நீட்டிக்கும். பூட்டும் வேலையைச் செய்வது துணைச்சாவி, அதற்குக் கட்டளையின் கடைசியில் நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும். ஏற்கெனவே காலாவதியான துணைச்சாவியை நட்சத்திரம் தொடாது, அதன் கைரேகையை, அதாவது அடையாளக் குறியீட்டை, தனியே கொடுக்க வேண்டும். ஆகவே கெடு முடியும் முன்பே நீட்டிப்பது நல்லது. மற்றொன்று, புதுக் கணினிக்குச் சாவியைக் கொண்டுவந்து நம்பிக்கை நிலையை ‘அல்டிமேட்’ ஆக்காமல் விட்டிருப்பது.

வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால், சாவியைத் திறக்கும் பாஸ்ஃப்ரேஸைக் கேட்கும் பெட்டியே வராமல் போவதுண்டு. ‘ஜிபிஜி_டிடிஒய்’ மாறிக்கு ‘டிடிஒய்’ கட்டளையின் விடையைக் கொடுக்கும் வரியை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்தால் பெரும்பாலும் தீரும். ஒருமுறை கொடுத்த பாஸ்ஃப்ரேஸை ஜிபிஜி-யின் பின்னணி நிரலான ஏஜென்ட் 600 விநாடி நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பயன்பாட்டிலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கி, அதிகபட்சம் 7,200 வரை போகும்.

ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுக்கவே கூடாது. வழக்கமான அமைப்பில், அதே கணினியில் உள்ள வேறு யூசர், ஓடும் நிரல்களைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையை அடித்தாலே தெரிந்துவிடும். ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு நேரே அனுப்பும் பைப் வழியாகக் கொடுங்கள். டாக்கர் லாகினில் இதற்கென்றே ‘பாஸ்வேர்டு-எஸ்டிடிஇன்’ உண்டு.

கோப்புப் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. கிட் சர்வரைப் பார்க்க முடிந்தவருக்கு எந்த வங்கியில் கணக்கு என்பது தெரியும். குழுவாகப் பயன்படுத்தினால், விலகியவரின் சாவியை நீக்கி, எல்லாவற்றையும் மீண்டும் பூட்டும் ‘பாஸ் இனிட்’ கட்டளையை மறுபடி ஓட்டுவது போதாது. அவரிடம் உள்ள பழைய கிட் பிரதி அவர் சாவிக்கு இன்னும் திறக்கும். அவர் பார்த்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் அத்தனையையும் அந்தந்தத் தளத்திலேயே மாற்ற வேண்டும்.