பத்து நாளில் குதிரையின் பயத்தைப் போக்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாந்தேன்

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவாரி இனத்துப் பெண் குதிரை ஒன்று வாங்கினேன். நான்கு வயது, பெயர் மல்லி. காது நுனிகள் இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். சந்தையில் மற்ற குதிரைகளோடு சாதுவாகத்தான் நின்றது. எங்கள் தோட்டத்துக்கு வந்ததும் மோட்டார் சத்தத்துக்குத் துள்ளியது, தரையில் கிடந்த தண்ணீர்க் குழாயைத் தாண்ட மறுத்தது. கூட்டமாக வாழும் விலங்கு, புது இடத்தில் தனியாக நின்றால் மிரளத்தான் செய்யும். அப்போது எனக்கு அது புரியவில்லை.

பக்கத்து ஊரில் குதிரை பழக்குகிறவர் ஒருவரைக் கைகாட்டினார்கள். "பத்து நாள் எங்கிட்ட விடுங்கண்ணா, லாரி உரசிட்டுப் போனாலும் அசையாதபடி பண்ணித் தர்றேன்" என்றார். பதினைந்தாயிரம் ரூபாய், முழுவதும் முன்பணம். பழக்கும்போது உடையவர் வரக் கூடாதாம், குதிரைக்குக் கவனம் சிதறுமாம். அந்தப் பேச்சிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள் கூட்டிவந்தேன். சொன்னபடியே அசையாமல் நின்றது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி கொள்ளு வைத்தால் முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டது. கன்னத்தில் கை வைத்ததும் தலையை உதறியது. டார்ச் அடித்து உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வாயோரம் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது, நாக்கில் வரிசையாகப் புள்ளிக் காயங்கள். முள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

கால்நடை மருத்துவர்தான் காதைக் கவனிக்கச் சொன்னார். தைரியமான குதிரை சத்தம் வரும் பக்கம் காதைத் திருப்பும், மூக்கை நீட்டி முகர்ந்து பார்க்கும். மல்லியின் காது எதற்குமே திரும்பவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, காட்டினால் வலிக்கும் என்று ஒடுங்கிப்போயிருந்தது.

வாய் ஆறும்வரை கடிவாளமே போடவில்லை, முகக்கயிறு மட்டும்தான். துணைக்கு ஒரு கிழட்டு மட்டக்குதிரையை வாங்கிவந்து பக்கத்தில் கட்டினோம். அப்புறம் ஒரு நீலத் தார்ப்பாயை மடித்துத் தூரத்தில் போட்டு, மல்லியை அதை நோக்கி மெதுவாகக் கூட்டிப்போனோம். மல்லி எங்கே நிற்கிறதோ அங்கேயே நாங்களும் நிற்போம், இழுக்க மாட்டோம். தலையைத் தாழ்த்தி, கீழுதடு தளர்ந்து, வாயை அசைபோட்டதும் அன்றைக்குப் போதும் என்று திருப்பிக் கூட்டிவந்துவிடுவோம். ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள் தானாகவே போய் மூக்கால் தொட்டது, முன்காலால் இரண்டு தட்டுத் தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணம் திரும்பி வரவில்லை. இந்த ஆடிக்கும் அவர் சந்தைக்கு ஆள் பிடிக்க வருவார். யாரிடம் குதிரையை விட்டாலும் சரி, நினைத்த நேரம் போய்ப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் விடுங்கள். விடும் முன் வாயைத் திறந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தக் காயம் வரும்போதே இருந்ததுங்க" என்று அவர் சாதித்தபோது, காட்ட என் கையில் ஒரு படம்கூட இல்லை.