அக்னி தீர்த்தம் அருகே ஒரு தங்கும் விடுதி: அறைகள் நன்று, பின்படிக்கட்டு பூட்டிக் கிடக்கிறது

ராமேஸ்வரத்தில் கோயிலின் கிழக்கு வாசலுக்கும் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கும் அருகிலுள்ள தெரு ஒன்றில், நான்கு மாடிகள் கொண்ட ஒரு விடுதியில் தை அமாவாசையை ஒட்டிக் குடும்பத்தோடு தங்கினோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் விடுதியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் தங்கியவர்களுக்கு இத்தகைய கட்டட அமைப்பு புதிதாக இருக்காது. நான் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மெத்தையைத் தொட்டுப் பார்க்கும் முன்பே மாடிப்படியைப் பார்த்துவிடும் பழக்கம் உண்டு. இந்த மதிப்புரையிலும் அந்தச் சாய்வு தெரியும்.

அறைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விரிப்புகள் சுத்தமாக இருந்தன, ஏசி சத்தமின்றி ஓடியது, குளியலறைத் தண்ணீரில் மட்டும் இந்தத் தீவுக்கே உரிய உப்புச் சுவை இருந்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் இட்லியும் பொங்கலும் விலைக்கு ஏற்ற தரம். பணியாளர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

ஒவ்வொரு மாடியிலும் உலர்பொடித் தீயணைப்பான் மாட்டியிருந்தது பாராட்டத்தக்கது. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நின்றது, பராமரிப்புத் தேதி எழுதிய அட்டையும் தொங்கியது. ஆனால் கடற்கரை ஊரில் அட்டையை மட்டும் நம்பக் கூடாது. உப்புக்காற்று முதலில் உருளையின் அடிவளையத்தையும், அடுத்து மேலே உள்ள பாதுகாப்பு ஊசியையும் அரிக்கிறது. மூன்றாம் மாடியில் இருந்த ஒன்றின் ஊசி துருப்பிடித்து அசையவே இல்லை. வரவேற்பில் சொன்னதும் அதைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. கட்டடத்தின் பின்புறம் ஓர் இரும்புப் படிக்கட்டு இருக்கிறது. அதாவது, அனுமதி பெறும்போது வரைபடத்தில் காட்ட வேண்டிய அவசர வழி முறையாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் அதன் கைப்பிடியில் ஈர வேட்டிகளும் சேலைகளும் காய்ந்துகொண்டிருந்தன, இடையில் குறுக்காகக் கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள், அடியில் உணவகத்தின் எரிவாயு உருளைகள் அடுக்கப்பட்டிருந்தன, கீழ்க் கதவு பூட்டியிருந்தது. கடலில் முழுகிவிட்டு 22 தீர்த்தங்களிலும் நீராடித் திரும்பும் குடும்பத்திற்கு ஈரத் துணியை உலர்த்த வேறு இடம் தராத விடுதி, படிக்கட்டில் காயப்போடும் விருந்தினர்மீது குறை சொல்ல முடியாது. மொட்டை மாடியில் நான்கு கொடிகள் கட்டிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பூட்டைப் பற்றிக் கேட்டபோது மேலாளர், "திருட்டு பயம் சார். சாவி கவுண்டரில்தான் இருக்கு, ராத்திரி முழுக்க ஆள் இருக்கோம், ஏதாவதுன்னா உடனே திறந்துடுவோம்" என்றார். அவர் மனதறிந்து சொன்ன பதில்தான் அது. ஆனால் இதே நம்பிக்கை அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் 85 உயிர்களைக் காவு வாங்கியது. அங்கே கீழ்த்தளத்து உணவகம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், தீப்பிடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற காரணத்தால், அந்தப் பகுதிக்குத் தானியங்கி நீர்த்தெளிப்பான் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். பின்னாளில் உணவகத்தை இரவில் மூடத் தொடங்கினார்கள். விதிவிலக்கு மட்டும் அப்படியே நீடித்தது. 1980 நவம்பர் 21 அன்று காலை, இனிப்புப் பண்டம் வைக்கும் குளிர்பெட்டியின் மின்கம்பியில் தொடங்கிய தீ, சுவருக்குள் வெகுநேரம் கனன்றுவிட்டு வெளியே வந்தபோது, சூதாட்டக் கூடம் முழுவதையும் சில நிமிடங்களில் விழுங்கியது. தீயணைப்பு நிலையம் ஓட்டலுக்கு எதிரிலேயே இருந்தது. வண்டி உடனே வந்தது, வீரர்கள் கீழ்த்தளத்துத் தீயை மேலே பரவவிடாமல் அடக்கினார்கள். ஆனாலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயையே காணாதவர்கள். மின்தூக்கிக் குழிகள், படிக்கட்டுகள் வழியே ஏறிய புகை அவர்களை மேல்மாடிகளில் கொன்றது. படிக்கட்டுக்குள் இறங்கியவர்களுக்குப் பின்னால் கதவுகள் பூட்டிக்கொண்டன, மீண்டும் மாடிக்குள் நுழைய முடியவில்லை. நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டர்கள் மொட்டை மாடியிலிருந்து மீட்டன.

எதிர்ச்சாரியில் நிலையம் இருந்த இடத்திலேயே இந்த நிலை. ராமேஸ்வரம் நிலையத்து வீரர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அமாவாசை நாளில் சன்னதித் தெருக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர்கள் வண்டி உள்ளே வர வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து துணை வண்டி தேவைப்பட்டால் அது பாம்பன் பாலம் கடந்து 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர வேண்டும்.

வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை விடுதிக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே படிக்கட்டு என்றால், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நாங்கள் ஏறுவதும், பெட்டியும் குழந்தையுமாக விருந்தினர்கள் இறங்குவதும் அதே மூன்றரை அடி அகலத்தில்தான். குழாய் நுழைந்த கதவு மூடாது. மூடாத கதவு வழியே புகை படிக்கட்டில் நிறையும். முதுகில் மூச்சுக்கருவியைச் சுமந்தவனுக்கு அதில் அரைமணி நேரக் காற்று என்று கணக்கு, மாடியேறி மூச்சு வாங்கினால் அது இன்னும் சீக்கிரம் தீரும். எதுவும் தெரியாத இருட்டில், சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வோர் அறையாகத் தட்டித் தேடுகிறவனுக்கு, இரண்டாவது படிக்கட்டு திறந்திருந்தால் ஆட்களை அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, முன்படியைத் தீயோடு போராடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியும். பூட்டு தொங்கினால், முதல் வேலை இரும்புவெட்டியைத் தேடுவது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தாவின் ஓட்டல் ஒன்றில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறித்தான்; அவர்களில் கரூரிலிருந்து சுற்றுலா போயிருந்த குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் உண்டு. பூட்டு என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர், ஓட வழியின்றிக் கருகினார்கள்.

அறையின் உள்ளே கவனித்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஜன்னல்களிலும் நிலையான கம்பிகள். குரங்குத் தொல்லைக்கும் திருட்டுக்கும் கம்பி தேவை என்பது புரிகிறது. தெருப்பக்க ஜன்னல் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பிக்கதவு வைக்கலாம். கதவின் உட்புறத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் படம் இல்லை. தர்ப்பணம் முடித்துவந்து அறையில் விளக்கேற்றுபவர்களும், குழந்தைக்குப் பால் காய்ச்சச் சிறு அடுப்பு கொண்டுவருபவர்களும் தங்கும் ஊரில், அதற்கென ஒரு பொது மூலை ஒதுக்குவதை விடுதி யோசிக்க வேண்டும். 'அறையில் அடுப்பு எரிக்கக் கூடாது' என்ற பலகையை யாரும் படிப்பதில்லை.

புறப்படும் நாளில் எரிவாயு உருளைகளைப் படிக்கட்டின் அடியிலிருந்து அகற்றியிருந்தார்கள். பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. சுத்தம், உபசரிப்பு, கோயிலுக்குள்ள நெருக்கம் ஆகியவற்றுக்காக ஐந்துக்கு மூன்று தருகிறேன். பின்கதவுக்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டால் நான்காக உயர்த்துவேன். இங்கே தங்க நினைப்பவர்கள் இரண்டாம் மாடிக்கு மேல் அறை எடுக்க வேண்டாம், ஏனெனில் தீயணைப்பு வண்டியில் வழக்கமாக வரும் நீட்டு ஏணி 35 அடிதான். முன்பதிவு செய்யும்போதே பின்படிக்கட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.