வானுக்கு டாஷ் கமரா பூட்டுற ஆக்கள் இதை வாசிச்சிட்டுப் பூட்டுங்கோ, எனக்கு 58,000 ரூபா போச்சு

இண்டைக்குப் பின்னேரம் அந்தக் கடைக்காரன் என்னை வட்ஸ்அப்பில புளொக் பண்ணிப்போட்டான். அந்தக் கோவத்தோடதான் எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் புதுக்குடியிருப்புப் பக்கம், ஹயஸ் வான் ஒண்டு வைச்சு ஹயர் ஓடுறன். ஏ9ல ராவில ஓடுற ஆக்களுக்குத் தெரியும், மாங்குளம் தாண்டினா ரோட்டு நடுவில மாடு படுத்திருக்கும், ஒழுங்கைக்குள்ளால மோட்டச்சைக்கிள் லைட் இல்லாமல் வரும், ஏதும் நடந்தா பெரிய வாகனம் வைச்சிருக்கிறவன்தான் பிழைகாரன். அதுக்காகத்தான் கனடாவில இருக்கிற மச்சான் முன்னால ரோட்டைப் படம் பிடிக்கிற கமரா ஒண்டு அனுப்பினவர். நல்ல கமரா, அதில ஒரு குறையும் இல்லை. பிரச்சினை அதுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி. அதை நான் இஞ்ச வாங்கினனான், மொபைலும் வாகனச் சாமானும் விக்கிற ஒரு கடையில.

வவுனியாவுக்குப் போய் வாங்கியிருக்கலாம். எங்கட பொடியன் கடை போட்டிருக்கிறான், எங்கட காசு எங்கட இடத்தில நிக்கட்டும் எண்டு நினைச்சன். போனதும் "வாங்கோ அண்ணை" எண்டு கதிரை போட்டு, பிளேன்ரீ எடுப்பிச்சுத் தந்து, "உந்த சிகரட் லைட்டர் சொக்கெட்டில குத்துறது சரிவராது அண்ணை, இதுதான் சரியான சாமான், வான் நிக்கேக்கையும் ரெக்கோட் பண்ணும், பற்றரி 12 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா தானா நிப்பாட்டும், என்ர வாகனத்திலயும் இதுதான் கிடக்கு" எண்டான். பெட்டியில சின்னச் சுவிச் ஒண்டு, 11.6, 12, 12.4 எண்டு வடிவா அடிச்சிருக்கு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு எண்டு மூண்டு வயர். என்ர வாகனத்திலயும் இதுதான் எண்டு சொன்னான் பாருங்கோ, அந்த ஒரு சொல்லில விழுந்திட்டன். பூட்டுக்கூலியோட 8,500. பில் கேக்கேல்ல. அவனும் தரேல்ல, விசிட்டிங் காட்டுக்குப் பின்னால பேனையால எழுதித் தந்தான்.

ரெண்டாம் கிழமையே கமரா நிண்டு நிண்டு வேலை செய்யத் தொடங்கீட்டுது. முறிகண்டியில கும்பிட்டிட்டு வெளிக்கிடேக்க ஒரு மணல் டிப்பர் என்ர சைட் கண்ணாடியை உரஞ்சிக்கொண்டு போச்சு, பாத்தா அந்த நேரம் கமரா ஓஃப். கடைக்குப் போனன். "மெமரி காட் பிழை அண்ணை" எண்டு 3,500க்குப் புதுக் காட் ஒண்டு வித்தான். அதையும் வாங்கினன்.

போன மாசம் காய்ச்சல், வான் நாலு நாள் வீட்டில நிண்டது. அஞ்சாம் நாள் விடிய 1 மணிக்குக் கட்டுநாயக்கா ஹயர், ரெண்டு பிள்ளையளோட ஒரு தாய் பிளேனுக்குப் போகோணும். திறப்பைத் திருப்பினா 'டிக்' எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தத் தாய் அழாக்குறையாப் போனுக்கு மேல போன் எடுக்குது. வேற வான்காரரை நித்திரையால எழுப்பிக் கெஞ்சி அனுப்பினன். விடிஞ்சு மீற்றர் வைச்சா பற்றரியில 6.9 வோல்ட். சார்ஜுக்குப் போட்டும் ஏறேல்ல. இப்பிடித் திரும்பத் திரும்ப அடிமட்டத்துக்கு இறங்கினா உள்ளுக்கத் தட்டில சல்பேட் படிஞ்சு பற்றரி செத்துப்போகும் எண்டு பற்றரிக் கடை ஐயா சொன்னார். ஒண்டரை வருசமும் ஆகாத பற்றரி. புதுசு 46,000, சீட்டுக் காசில எடுத்து வாங்கினன்.

8,500, 3,500, 46,000. 58,000 ரூபா. போன ஹயரை நான் இதில சேக்கேல்ல.

பிறகு பரந்தனில வயறிங் செய்யிற அண்ணையிட்டக் குடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பிச்சன். பெருவிரல் நகமளவு போர்ட் ஒண்டு, மிச்சமெல்லாம் பசை. சிவப்பு வயர், அதாவது திறப்புப் போட்டிருக்கோ இல்லையோ எண்டு பாக்க வேண்டிய வயர், உள்ள வந்து பசைக்குள்ள புதைஞ்சு கிடக்கு, ஒரு இடத்திலயும் பத்தவைக்கேல்ல. அந்தச் சுவிச்சின்ர காலுகளும் அப்பிடித்தான், சும்மா நிக்குது. அப்ப எந்த வோல்ட்டில் நிப்பாட்டும்? இரவு பகலா அரை அம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி, நாலு நாளைக்கு 48, என்ர பற்றரி மொத்தமே 70. வெளிய வாற 5 வோல்ட்டும் கமராவைக் குத்தின உடன 4.3க்கு விழுது, அதாலதான் கமரா நிண்டு நிண்டு வேலை செய்தது. மெமரி காட்டில ஒரு பிழையும் இல்லை.

இதைக் கொண்டு கடைக்குப் போனா, முதல் தரம் "வானை ஓடாமல் விட்டா பற்றரி இறங்கத்தானே செய்யும்". ரெண்டாம் தரம் "முதலாளி கொழும்புக்குப் போட்டார்". அவன்தான் முதலாளி எண்டு அண்டைக்குப் பிளேன்ரீ தரேக்க சொன்னவன்! மூண்டாம் தரம் "பெட்டியைத் திறந்திட்டீங்கள், இனி வொரண்டி இல்லை". போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினன், பாத்ததுக்கு நீலச் சரி விழுந்திது, பிறகு அவன்ர புரொபைல் படம் காணாமல் போச்சு. 58,000 ரூபாய்க்கு அவன் தந்த மறுமொழி அதுதான்.

வாங்கப் போற ஆக்கள், பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதேங்கோ. பூட்டின உடன திறப்பை எடுத்திட்டு நிண்டு பாருங்கோ, ஏசிசி வயர், அதாவது அந்தச் சிவப்பு வயர், சரியெண்டா கமரா ஓஃப் ஆகோணும் இல்லாட்டி வான் நிக்கேக்க பதியிற பார்க்கிங் மோடுக்கு மாறோணும். கமராவோட வந்த சார்ஜரில எத்தினை அம்பியர் எழுதியிருக்கெண்டு பாத்து அதுக்குக் குறையாமல் குடுக்கிற பெட்டியா எடுங்கோ. பஸ், லொறிக்காரர் 24 வோல்ட் தாங்குமோ எண்டு கேளுங்கோ. சந்தேகமெண்டா சிகரட் சொக்கெட்டே காணும், ஆனா திறப்பை எடுத்தா அதில கரண்ட் இல்லாமல் போகுதோ எண்டு பாருங்கோ, சில வாகனத்தில தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். நாலு நாள் ஓட மாட்டியளெண்டா கழட்டி வையுங்கோ.

நுகர்வோர் அதிகார சபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு நாளைக்கு எடுக்கப் போறன். கையில பில் இல்லை, அந்த விசிட்டிங் காட்டும் திறந்த பெட்டியும்தான் இருக்கு. விடிய மன்னார் ஹயர், கமரா கழட்டி டாஷ்போர்ட்டுக்குள்ள கிடக்கு.