சர்க்கரை, பிரஷருக்கு எது நல்லது: வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரா, மாதாந்திர கிளினிக்கா?

கிராமத்தில் இருப்பவர் மாத்திரைக்காக மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு கிளினிக்கில் வரிசையில் நிற்கிறார், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதும் போவதையே நிறுத்திவிடுகிறார். சிக்கலே அங்கேதான். வீட்டுக்கு வரும் பணியாளர் 5 நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து நிதானமாக பிரஷர் பார்க்கலாம்; அப்புறம் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தால் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், பாதத்தில் ஆறாத புண் இருந்தாலும் கண்ணில் படும்.

கிளினிக் வேண்டாமா? வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது, சிறுநீரகம், கண் பரிசோதனை எல்லாம் டாக்டர் வேலை. பிரஷர் 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியும் இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

தொடர் கவனிப்புக்கு என் ஓட்டு பணியாளருக்கே, ஆனால் அவர் பையில் மாத்திரையும் இருக்க வேண்டும்.