கிளிமஞ்சாரோவா, கென்யா மலையா?

இரண்டுமே நிலநடுக்கோட்டுக்கு அருகில் பனி சுமக்கும் எரிமலைகள். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ (5,895 மீ) உறங்கும் எரிமலை. அதன் கீபோ கூம்பு இன்னும் உருக்குலையவில்லை. கயிறில்லாமலே உச்சிவரை நடக்கலாம். மூச்சுதான் வாங்கும்.

கென்யா மலையோ அணைந்துபோனது. மேற்கூம்பைப் பனியாறுகள் அரித்துத் தள்ளிவிட்டன. எரிமலைத் தொண்டையில் இறுகிய பாறைதான் இப்போது பாட்டியன் சிகரமாக (5,199 மீ) நிற்கிறது. பாறையேறத் தெரியாதவர் லெனானா முனையோடு (4,985 மீ) திரும்ப வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், இங்கே பருவம் பக்கத்துக்குப் பக்கம் மாறும்: ஆகஸ்டில் வடக்குச் சரிவு வெயிலில் காயும், தெற்கில் பனி ஒட்டியிருக்கும், ஜனவரியில் நேர்மாறு. உயரம் குறைவானாலும் என் ஓட்டு இதற்கே. ஏப்ரலில் மட்டும் இரண்டு பக்கமும் போகாதீர்கள், மழை பிடித்துக்கொள்ளும்.