சித்தியின் ‘நே மிஸ்’

இரண்டு வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே, சித்தி இருக்கும் தேயிலைத் தோட்டம். மறுநாள் காலையிலேயே, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கோடியில் திரிந்த நாய்க்குட்டி ஒன்று என் கணுக்காலில் பல்லை வைத்துவிட்டது. ரத்தம் இல்லை, தோல் உரசிச் சிவந்திருந்தது. “குட்டிதானே, மஞ்சள வச்சா போயிரும்” என்றார் சித்தி. குட்டிக்கு யார் தடுப்பூசி போட்டிருப்பார்கள்? பீலியடியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். மலைத் தண்ணீரில் கால் விறைத்துப் போனது.

எனக்கு முடக்குவாதம். ஒன்பது வருஷமாக ஞாயிறு இரவானால் மெத்தோட்ரெக்சேட். மூட்டு வீக்கத்தை அடக்கும் அந்த மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே மந்தமாக்கும். புறப்படுமுன் லண்டனில் விசர்நாய்த் தடுப்பூசிக்கு விலை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று விட்டவன் நான். கஞ்சத்தனம்தான்.

டவுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுக்கவே ஒரு மணி நேரம். பலகைகள் மூன்று மொழியில். நம்பர் கூப்பிடுவது சிங்களத்தில் மட்டும். “வெனத் லெட தியெனவத?” என்றார் நர்ஸ் மிஸ். வேறு வருத்தம் இருக்கிறதா என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி, “நே மிஸ், நே.” இல்லை என்று.

சித்திக்குச் சீனியும் பிரஷரும் உண்டு. தன்னைக் கேட்டாலும் இதேதான் சொல்வாராம். “ஆமான்னா இன்னும் பத்து கேப்பாங்க. வெளங்காது. அரைப்பேரும் போயிரும்.” அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். மிஸ் எழுந்துபோய் டொக்டரைக் கூட்டி வந்தார். இந்த மாதிரி ரத்தம் வராத கடிக்கு மற்றவர்களுக்குத் தடுப்பூசி போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குச் சீரமும், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளையும், கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், என் மாத்திரையோடு போட்டாலும் ஆபத்தில்லை என்றார் டொக்டர். சீரம் அங்கே இல்லை. கடிதம் எழுதி நுவரெலியாவுக்கு அனுப்பினார்.

அங்கே முதலில் முன்கையில் சோதனை ஊசி. பிறகு கணுக்காலைச் சுற்றிச் சீரம். சதையே இல்லாத இடம், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தடுப்பூசி தோளில், தசைக்குள்: அன்று, பிறகு 3, 7, 14, 28ஆம் நாட்களில். கடைசி இரண்டும் லண்டனில். ஆஸ்பத்திரியில் ஒரு சதம் வாங்கவில்லை, வேனுக்குத்தான் காசு.

ஏழாம் நாள் ஊசிக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கே போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை, முழங்கையில் நாய்க்கடி. மிஸ் அதே கேள்வியைக் கேட்டார்.

“நே மிஸ்.”

அவர் மடியிலிருந்த பைக்குள் நீண்டநாள் நோய்க்கு மருந்து எடுப்பவர்களின் கிளினிக் கொப்பியின் மூலை தெரிந்தது.